ஊத்துத் தண்ணி: சேர்வராயன் மலை ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம், வாழவந்தி, வெள்ளக்கடை என்று ஏற்காட்டைச் சுற்றியுள்ள ஊராட்சிகளின் மலையாளிப் பழங்குடி ஊர்களில் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் மறுபடி சொல்லவில்லை. அங்கே கேள்வி எண்ணை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

1. மலையில ஊறுற தண்ணிங்க. இதுல என்ன அழுக்கு இருக்கப்போவுது?

பூமிக்குள் இருக்கும்வரை பெரும்பாலும் இருக்காது. சேர்வராயன் மலையின் அடிப்பாறை சார்னோகைட். அது தண்ணீரை உறிஞ்சாது. அதன்மேல் மக்கிய மண்ணும், உச்சிப் பகுதிகளில் பாக்சைட்டும் மூடிக் கிடக்கின்றன. மழையைக் குடித்து வைத்துக்கொள்வது இந்த மேல்மூடிதான். இறங்கிய தண்ணீர் பாறையைத் தொட்டதும் போக வழியில்லாமல் சரிவோடு நகர்ந்து எங்காவது கண் திறக்கிறது. மண் வழியாக மெல்ல வந்த தண்ணீர் வடிகட்டியது போல இருக்கும். பாறை வெடிப்பு வழியாக ஓடி வந்த தண்ணீரை மேலே கிடக்கும் சாணம், மலம் எல்லாம் கூடவே தொட்டுக்கொண்டு வரும்.

உங்கள் ஊத்து எந்த வகை என்று அறிய ஒரு வழி உண்டு. பெருமழை பெய்த சில மணி நேரத்திலேயே தண்ணீர் கூடினாலோ கலங்கினாலோ அது வெடிப்பு வழி. நாள் கழித்து, தெளிவாகவே கூடினால் மண் வழி. எந்த வகையானாலும் கண்ணிலிருந்து குடத்துக்கு வருவதற்குள் கெடுவது வேறு கணக்கு. மாடு இறங்கும் குழி, முங்கி எடுக்கும் வாளி, பக்கத்திலேயே துவைக்கும் துணி, இவைதான் பெரும்பாலான ஊத்துகளின் உண்மையான சிக்கல்.

2. எங்க தாத்தன் காலத்திலிருந்து இதைத்தான் குடிக்கிறோம். அப்ப யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?

ஆனது. பேதியில் போன குழந்தைகளை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். அதையும் தாண்டி, ஊத்துக்கு மேல்புறம் இன்று அன்றைய நிலம் இல்லை. அங்கே வீடு, கழிப்பறைக் குழி, விடுதி, மருந்தடிக்கும் தோட்டம் எல்லாம் வந்துவிட்டன. மழையும் மாறியிருக்கிறது. நாள் கணக்கில் தூறி மண்ணுக்குள் இறங்க வேண்டியது சில மணி நேரத்தில் கொட்டி ஓடையோடு போய்விட்டால், ஊத்துக்குச் சேர வேண்டியது குறைகிறது, மேலே உள்ள அழுக்கு மட்டும் கீழே வந்து சேர்கிறது.

3. எவ்வளவு நேரம் காய்ச்சணும்? மலையில சீக்கிரமா கொதிச்சிடுதே, அது போதுமா?

கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் 95 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். பருப்பு வேகாமல் இழுப்பது இதனால்தான். கிருமிகளைக் கொல்ல 95 தாராளம். தண்ணீர் தளதளவென்று புரண்டு கொதிக்கத் தொடங்கியபின் 1 நிமிடம் போதும். (2,000 மீட்டருக்கு மேல் போனால்தான் 3 நிமிடம்.) பத்து நிமிடம் காய்ச்சுவது விறகுக்கும் கண்ணுக்கும் கேடு. புகையும் நோய்தான், ஆகவே காய்ந்த விறகாகப் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக் காய்ச்சுங்கள்.

காய்ச்சிய தண்ணீர் கெடுவது பெரும்பாலும் ஆறவைக்கும்போதுதான். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி வைத்து ஆறவிடுங்கள். வேறு குடத்துக்கு மாற்றினால் அந்தக் குடம் கொதிநீரில் கழுவியதாக இருக்கட்டும். டம்ளரை முக்கி எடுக்கக் கூடாது, நீண்ட காம்புள்ள கரண்டி அல்லது குழாய் வைத்த பாத்திரம் வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி 6 மணி நேரம் வெயிலில் வைக்கும் முறை கீழே சமவெளியில் ஓமலூர் வெயிலுக்குச் சரி. மஞ்சு (மூடுபனி) இறங்கும் மலையில் அதை நம்ப வேண்டாம்.

4. தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும்? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு கணக்கு சொல்றாங்க.

1,000 லிட்டருக்கு 4 கிராம். 10,000 லிட்டர் தொட்டிக்கு 40 கிராம். இது நூற்றுக்கு 25 பங்கு குளோரின் உள்ள தூளுக்கான கணக்கு. வட்டக் கிணறாக இருந்தால் முதலில் கொள்ளளவைப் போட வேண்டும்: விட்டம் × விட்டம் × தண்ணீரின் ஆழம் × 0.785, எல்லாம் மீட்டரில். வருவதை 1,000 ஆல் பெருக்கினால் லிட்டர். 3 மீட்டர் விட்டம், 2 மீட்டர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 14,100 லிட்டர், அதற்கு 56 கிராம்.

தூளை அப்படியே தொட்டியில் கொட்டுவதுதான் எங்கும் நடக்கும் தவறு. பிளாஸ்டிக் வாளியில் தூளைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி தண்ணீர் ஊற்றிக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு, அது தேவையில்லை. மேலே தெளிந்ததை மட்டும் தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போது ஊற்றினால் தானே கலந்துவிடும். அரை மணி நேரம் விட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும். குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் விடுவது நல்லது. இரும்பு வாளி, வெறும் கை, கழிப்பறை கழுவும் ஆசிட் மூன்றும் கிட்டே வரக் கூடாது. ஆசிட் பட்டால் விஷவாயு கிளம்பும்.

மலைக்கே உரிய ஒரு தொல்லை, ஈரம். திறந்த மூட்டையில் இருக்கும் தூள் மஞ்சுக் காலத்தில் சில வாரங்களில் வீரியம் இழந்துவிடும். கட்டி கட்டியாகி, வாசம் குறைந்த தூளை இரட்டிப்பாகப் போட்டுச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், புதுசு வாங்குங்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றி, வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். தொட்டி கழுவுவது தனி வேலை. ஊராட்சிகளில் மாதம் இருமுறை, 5, 20 தேதிகளில் கழுவுவது வழக்கம். சேறு படிந்த தொட்டியில் எவ்வளவு குளோரின் போட்டாலும் சேறே அதைத் தின்றுவிடும்.

5. மருந்து போட்டா நாத்தம் அடிக்குது, குழந்தைங்க குடிக்க மாட்டேங்குது. போடாமலே விட்டா என்ன?

லேசான வாசம் இருந்தால் காவல் இருக்கிறது என்று அர்த்தம். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்க வேண்டும். அதைப் பார்க்க ஊராட்சியில் குளோரோஸ்கோப் இருக்கும். தண்ணீரில் சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும் நிறத்தைப் பக்கத்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். சோதித்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள், அந்தச் சொட்டு மருந்து நஞ்சு.

தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் மட்டும் பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று எழுதுவதில் பயனில்லை. மூக்கைத் துளைக்கும் நாற்றம் என்றால் அளவு கூடிவிட்டது, அல்லது கலக்காமல் போட்டிருக்கிறார்கள். குடத்தில் பிடித்துச் சில மணி நேரம் வைத்தால் வாசம் தணியும்.

6. மழைக்காலத்துல டீ கலர்ல வருது. அப்பவும் பவுடர் போட்டா போதுமா?

போதாது. கலங்கலில் இருக்கும் மண்ணும் இலைச்சாறும் குளோரினை முதலில் குடித்துவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. முதலில் தெளியவைக்க வேண்டும். நம் வீட்டுப் பழைய வழியே நல்ல வழி: தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு விட்டால் மண் அடியில் தங்கும். பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து வடிகட்டினால் தூசி நிற்கும். இரண்டும் கிருமியைக் கொல்லாது. தெளிந்த தண்ணீரை மேலாக எடுத்து 3 அல்லது 4-இல் சொன்னதைச் செய்ய வேண்டும்.

7. தண்ணி நல்லா இருக்கா இல்லையான்னு நாங்களே பார்க்க முடியுமா?

முடியும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதனைப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. பெட்டியும் பாட்டிலும் ஊராட்சியில் கேளுங்கள். கிருமிக்கானது எச்2எஸ் பாட்டில். கோடு வரை தண்ணீர் பிடித்து, மூடியின் உட்புறம் விரல் படாமல் மூடி, 24 முதல் 48 மணி நேரம் வைக்க வேண்டும். கறுத்தால் மலக் கலப்பு இருக்கக்கூடும்.

மார்கழியில் இந்தச் சோதனை ஏமாற்றும். பாட்டிலுக்கு 30 டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும். திண்ணையில் வைத்தால் கிருமி இருந்தாலும் கறுக்காது. அடுப்பங்கரையில் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் வையுங்கள். குளோரின் கலந்த தண்ணீரை இதில் சோதிப்பதும் வீண். ஊத்துக்கண்ணில் ஒன்று, தொட்டியில் குளோரின் போடுமுன் ஒன்று, வீட்டுக் குடத்தில் ஒன்று என்று எடுத்தால் எங்கே கெடுகிறது என்று புரிந்துவிடும். ஊத்துக்கண்ணில் எடுத்தது கறுக்காமலும் குடத்தில் எடுத்தது கறுப்பாகவும் வந்தால் ஊத்தைக் குறை சொல்லாதீர்கள்.

8. சித்திரையில ஊத்து நூல் மாதிரி ஆயிடுது. எவ்வளவு வருதுன்னு எப்படிக் கணக்குப் போடறது?

10 லிட்டர் வாளியும் செல்போன் கடிகாரமும் போதும். வாளி 40 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர், நாளுக்கு 21,600 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற அரசுக் கணக்கில் 390 பேருக்கு வரும். அதே வாளி சித்திரையில் நிறைய 4 நிமிடம் எடுத்தால் நாளுக்கு 3,600 லிட்டர்தான், 65 பேருக்கு. இரவு முழுதும் ஓடி வீணாவதைப் பிடிக்க ஒரு தொட்டி இருந்தால்தான் இந்தக் கணக்கும் நிற்கும்.

மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், மூன்று தடவை அளந்து சராசரியை நோட்டில் எழுதுங்கள். அன்று மழை பெய்ததா என்பதையும் குறியுங்கள். இரண்டு வருட நோட்டு கையில் இருந்தால் கிராம சபையில் யாரும் உங்களை 'எப்பவும் இப்படித்தான் சொல்லுவீங்க' என்று உட்கார வைக்க முடியாது.

9. அப்ப ஒரு போர் போட்டுட்டா தீர்ந்துச்சே?

தீரலாம், ஊத்தும் சேர்ந்து தீர்ந்துபோகலாம். இந்தப் பாறையில் தண்ணீர் இருப்பது வெடிப்புகளில் மட்டும். போர் அந்த வெடிப்பைத் தொட்டால், அதே வெடிப்பு ஊட்டிய ஊத்து வற்றும். தொடாவிட்டால் வெறும் புழுதிதான் வரும். ஊத்துக்கு மேல்சரிவில் போர் போடுவதை மட்டும் எப்படியாவது தவிருங்கள். இன்னொன்று, சேலம், தருமபுரிச் சமவெளியில் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளூரைடு கூடுதலாக இருக்கும் இடங்கள் உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லும் எலும்பும் கெடும். காய்ச்சினால் ஃபுளூரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் அடர்த்திதான் கூடும். எந்தப் போரானாலும் குடிக்குமுன் இதை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

10. ஊத்துக்கு நாங்களே தொட்டி கட்டினோம். ரெண்டு மாசத்துல தண்ணி வேற பக்கம் பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. ஏன்?

நிறைய ஊர்களில் நடப்பது. தொட்டியின் வெளிப்போக்குக் குழாயை ஊத்துக்கண்ணைவிட உயரத்தில் வைத்திருப்பீர்கள். தேங்கிய தண்ணீர் கண்ணையே பின்னுக்குத் தள்ளுகிறது, அது எளிதாகப் போகும் வேறு வழியைத் தேடிக்கொள்கிறது. நிரம்பி வழியும் குழாய் எப்போதும் கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும். இந்த ஒரு விதியை மீறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

கட்டும் முறை: கோடையில், தண்ணீர் குறைந்திருக்கும்போது, கண் இருக்கும் இடத்தைக் கையால் தோண்டிக் கெட்டியான அடி வரும் வரை போங்கள். வெடி வைக்கவே கூடாது, வெடிப்பு மாறினால் ஊத்து போய்விடும். கண்ணின் முன் கழுவிய கூழாங்கல்லை, கண்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது என்று அடுக்குங்கள். பிறகு மூன்று பக்கச் சுவர், கனமான மூடி. மூடியில் ஆள் இறங்கும் வாய் தரையைவிட உயர்ந்திருக்கட்டும், மழைத் தண்ணீர் உள்ளே வழியாது. குழாய் மூன்று: ஊருக்குப் போகும் குழாய் தளத்துக்கு 10 சென்டிமீட்டர் மேலே, கழுவிவிடும் குழாய் தளத்தோடு, நிரம்பி வழியும் குழாய் இவை இரண்டுக்கும் மேலே, ஆனால் கண்ணுக்குக் கீழே. வழியும் குழாயின் வாயில் கொசுவலைக் கம்பி கட்டாவிட்டால் தவளையும் எலியும் குடியேறும். மேல்சரிவில் 8 மீட்டர் தள்ளி ஒரு வாய்க்கால் வெட்டி மழை ஓட்டத்தைப் பக்கமாகத் திருப்பிவிடுங்கள். சுற்றிலும் மாடு வராத வேலி போடுங்கள். வேலிக்குள் பெரிய வேர் விடும் மரம் வேண்டாம், புல்லும் சின்னச் செடியும் போதும்.

11. கக்கூஸ் குழி ஊத்துக்கு எவ்வளவு தூரத்துல இருக்கணும்?

குறைந்தது 30 மீட்டர், அதுவும் கீழ்ச்சரிவில். மேல்சரிவில் என்றால் 30 மீட்டரை நம்ப முடியாது. 1-இல் சொன்ன வெடிப்பு வழி ஊத்தாக இருந்தால் நூறு மீட்டரும் காக்காமல் போகலாம். ஏற்கெனவே மேலே குழி இருந்தால் 7-இல் சொன்ன சோதனையை மழைக்கு முன்னும் பின்னும் செய்து பாருங்கள். மழைக்குப் பின் மட்டும் கறுத்தால் இடத்தை மாற்றுவதைத் தவிர வழி இல்லை.

12. காபி சீசன்ல ஓடை கறுப்பா, புளிச்ச நாத்தமா வருது. அதுல குளிச்சாலும் தப்பா?

பழத்தோல் நீக்கிய கழுவல் தண்ணீர் அது. சர்க்கரையும் புளிப்பும் நிறைந்தது, ஓடையில் உள்ள பிராணவாயுவைக் குடித்து மீனைக் கொல்லும். உடம்பில் பட்டால் அரிக்கும். குடிக்கவோ மாட்டுக்குக் காட்டவோ கூடாது. சிறு விவசாயிகள் தோலைக் குழியில் சாணத்தோடு சேர்த்து மக்கவிட்டால் நல்ல எருவாகும், ஓடைக்கரையில் கொட்டுவது நம் தலையில் நாமே கொட்டுவது. அதைவிடக் கவனிக்க வேண்டியது மருந்தடிப்பு. போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த தாமிர மருந்து) கேனையும் தெளிப்பானையும் ஊத்தில் கழுவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. காய்ச்சினாலும் தாமிரம் போகாது.

13. மேல காட்டுல குழி வெட்டி மழையைப் பிடிச்சா ஊத்து கூடுமாம். வெட்டலாமா?

இடம் பார்த்து. சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில், தொடர்ச்சியாக இல்லாமல் இடைவிட்டு வெட்டும் குழிகள் சாதாரணச் சரிவில் நல்ல பலன் தரும். செங்குத்தான சரிவிலும், வீடுகளுக்கு நேர்மேலும், பழைய சரிவு விழுந்த இடத்திலும் வெட்டாதீர்கள். அங்கே மண்ணுக்குள் தண்ணீரை இறக்குவது சரிவை நாமே கூப்பிடுவது. குழி வெட்ட முடியாத இடத்தில் உண்ணிச்செடியை நீக்கி நம் காட்டு மரங்களை வரவிடுவது மெதுவான வழி, ஆனால் ஆபத்தில்லாதது.

14. ஊத்து திடீர்னு கூடினா சந்தோஷம்தானே?

மழை கொட்டும் நாளில் இல்லை. தெளிந்த ஊத்து திடீரெனச் சேறாக வருவது, இல்லாத இடத்தில் புதுக் கண் திறப்பது, ஓடிய ஊத்து சட்டென நிற்பது: மூன்றும் மேலே மண் நகர்கிறது என்பதற்கான அடையாளம். மரம், மின்கம்பம் சாய்வதும், சுவரில் புது வெடிப்பும், கதவு திடீரெனச் சிக்குவதும் கூடவே வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். பாதை அடைபட்டால் ஆம்புலன்ஸ் வராது, ஆகவே இருட்டுமுன் கிளம்ப வேண்டும். ஓடையை ஒட்டிப் போகாமல், சரிவுக்குப் பக்கவாட்டில் விலகிப் போங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

15. குழந்தைக்குப் பேதி. ஊத்தைச் சரி பண்றது அப்புறம், இப்ப என்ன செய்ய?

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை முழுதாக 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரையுங்கள். பாதிப் பாக்கெட்டை டம்ளரில் கரைப்பது தவறு. ஒவ்வொரு முறை போனபின்னும் 2 வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மில்லி, மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டுக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். 24 மணி நேரம் ஆனதைக் கொட்டிவிடுங்கள். பாக்கெட் இல்லாவிட்டால் 1 லிட்டருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புக் கூடினால் ஆபத்து. துத்தநாக மாத்திரை 14 நாள், 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், கீழே 10. பேதி நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பாலும் கஞ்சியும் நிற்கவே கூடாது. கண் குழிவது, துவண்டு கிடப்பது, ரத்தம் கலந்து போவது, குடிக்க மறுப்பது, இதில் ஒன்று இருந்தாலும் 108.

16. டிரம்ல பிடிச்சு வெக்கிறதாலதான் டெங்கு வருதா? மலையில கொசு கம்மிதானே?

வெப்பம் கூடக் கூட அந்தக் கம்மி குறைந்துவருகிறது. கோடைத் தட்டுப்பாட்டில் வீட்டுக்கு இரண்டு டிரம் என்று ஆனபின் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? முட்டை, புழு, கொசு என்று மாற ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து உட்சுவரைத் தேங்காய் நாரால் தேயுங்கள். வெறுமனே கவிழ்த்தால் போதாது. முட்டை சுவரில் ஒட்டிக் காய்ந்து மாதக்கணக்கில் கிடந்து, அடுத்த முறை தண்ணீர் பட்டதும் பொரியும்.

17. ஒரு வாரமா காய்ச்சல், டைபாய்டும் இல்ல, டெங்குவும் இல்லன்னுட்டாங்க. தண்ணியாலயா?

தண்ணீரால் இல்லாமலும் இருக்கலாம். புதர் மண்டிய இடத்தில் வேலை செய்பவர்களுக்கு வரும் ஸ்க்ரப் டைபஸ் மழை முடிந்த குளிர்மாதங்களில் கூடும். பரப்புவது கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணி. அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப் பட்டை படும் இடத்தில் பீடி சுட்டது போல வலியில்லாத கறுப்புப் புண் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 'காட்டு வேலைக்குப் போனேன்' என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற சாதாரண மாத்திரையில் கேட்கும், தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும்.

18. எங்க ஊத்து ரிசர்வ் காட்டுக்குள்ள இருக்கு. பைப் போடப் போனா ஃபாரஸ்ட்ல விடமாட்டேங்கிறாங்க.

வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2)-இல் குடிநீர்க் குழாயும் மழைநீர் அமைப்பும் பெயர் சொல்லியே இருக்கின்றன. மூன்று நிபந்தனை: எடுக்கும் வன நிலம் 1 ஹெக்டேருக்குள், வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75-க்குள், கிராம சபையின் பரிந்துரை. வாய்ப்பேச்சாகக் கேட்டால் வாய்ப்பேச்சாகவே மறுப்பார்கள். ஊராட்சி மூலம் எழுத்தில் விண்ணப்பித்து, இடத்தின் வரைபடம், குழாயின் நீளம், மரக் கணக்கு, 8-இல் சொன்ன நோட்டின் நகல் எல்லாம் இணையுங்கள். தீர்மானத்தில் ஊத்தின் பெயரும் எல்லையும் இருக்க வேண்டும். 'குடிநீர் வசதி வேண்டும்' என்று மொட்டையாக எழுதிய தீர்மானம் உதவாது. மார்ச் 22 கிராம சபை உலகத் தண்ணீர் நாளில் கூடுவது, இதைக் கேட்கப் பொருத்தமான நாள். நீர்ப்பிடிப்பைக் காக்கும் அதிகாரத்தைப் பிரிவு 5 கிராம சபைக்கே தருகிறது.

19. ஊத்து எஸ்டேட் பட்டாவுக்குள்ள. அம்பது வருசமா எடுக்கிறோம், இப்ப புது ஓனர் கேட்டைப் பூட்டிட்டாரு. அனுமதிக் கடிதம் எழுதி வாங்கிக்கலாமா?

அவசரப்பட்டு வாங்காதீர்கள். யாரிடமும் கேட்காமல், ஒளிக்காமல், இடைவிடாமல் 20 ஆண்டு எடுத்து வந்திருந்தால் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமை (அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை) சட்டம், பிரிவு 15-இன்படி அது உரிமையாகக் கோரக் கூடியது. 'தயவு கூர்ந்து அனுமதிக்கவும்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், இத்தனை நாளும் அவர் தயவில்தான் எடுத்தோம் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக அதைப் பின்னால் காட்டுவார்கள். தயவில் கிடைத்ததை நினைத்தபோது நிறுத்தலாம்.

காலமும் இதில் முக்கியம். தடுத்த பின் சும்மா இருந்து இரண்டு வருடம் கடந்துவிட்டால் கோரிக்கை பலவீனமாகும். ஆகவே பூட்டிய தேதியைக் குறித்து வையுங்கள். பழைய குழாயின் படம், ஊராட்சிப் பராமரிப்புச் செலவுச் சீட்டு, ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் முதலான மூத்தவர்களின் வாக்குமூலம் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு சேலம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பழங்குடியினருக்கு அங்கே வழக்கறிஞர் இலவசம், வருமானச் சான்று கேட்க மாட்டார்கள், சாதிச் சான்று போதும். சமரசம் பேசுவதானால் அவர்கள் முன்னிலையிலேயே பேசுங்கள். கடைசியில் எழுதப்படும் ஒப்பந்தத்தில் 'அனுமதி' என்ற சொல் வராமல், 'உரிமை' என்ற சொல் வருகிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கைநாட்டு வையுங்கள்.